துண்டு துண்டாய்ப் பதிதல்

சயான் என்னும் ஊர்ப்பெயர், எல்லை எனப் பொருள்படும் மராத்திச் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஆங்கிலேயர் வசமிருந்த பரேல் தீவுக்கும் போர்த்துக்கீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்கும் நடுவே, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டை இன்றும் அங்குக் குன்றின்மேல் சிதைந்து நிற்கிறது. எழுதிய நிரலுக்கும் அதன் நிலையான பதிவேட்டுக்கும் இடையிலும் அத்தகைய காவல் எல்லை ஒன்று உண்டு. அதனைக் குறித்தே இங்குக் கூற முற்படுகிறோம்.

கணிப்பொறி நிரல்களில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் சாதனங்களுள் இன்று பெருவழக்காய் உள்ளது கிட். லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் இதனைத் தொடங்கினார். பதியத்தக்க மாற்றங்களை முன்கூட்டி எடுத்து வைப்பதற்கு இதில் ஒரு முன்னறை உண்டு. முன்னறையில் உள்ளதே பதிவேறும். மேசையில் கிடப்பது மேசையிலேயே கிடக்கும்.

சயானில் வாழும் நேயர் ஒருவர், ஒரு சிறு நூலகத்தின் கணக்குக்கு நிரல் எழுதுகிறார் எனக் கொள்வோம். தாமதக் கட்டணம் ஒரு நாள் கூடுதலாக வருகிறது, அதைத் திருத்துகிறார். கையோடு, பெயர்களைத் தமிழிலும் மராத்தியிலும் காட்டும் புது வசதியைத் தொடங்கிப் பாதியில் விடுகிறார். சோதனைக்காக உறுப்பினர் இருவரின் தொலைபேசி எண்களையும் நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார். மூன்றும் ஒரே கோப்பில். நூலகத்தாருக்கு மாலைக்குள் வேண்டுவதோ முதலாவது மட்டுமே. கோப்பை முழுமையாகப் பதிந்துவிட்டால், பின்னொரு நாள் புது வசதியை விலக்க நேரும்போது கட்டணத் திருத்தமும் கூடவே போய்விடும்.

'கிட் ஆட்' என்னும் கட்டளையோடு 'பேட்ச்' என்னும் குறிப்பைச் சேர்த்தால், மாற்றங்கள் துண்டு துண்டாகத் தோன்றும்; ஒவ்வொன்றுக்கும் நம் அனுமதி கேட்கப்படும். (டார்க்ஸ் என்ற சாதனத்தில் இம்முறை கிட்டுக்கு முன்பே இருந்தது.) 'ஒய்' எழுத்தைத் தட்டினால் துண்டு முன்னறைக்குச் செல்லும், 'என்' தட்டினால் நிற்கும். இரு மாற்றங்கள் ஒரே துண்டாக ஒட்டி வந்தால் 'எஸ்' அதைப் பிளக்கும். ஆனால் நடுவே மாறாத வரி ஒன்றேனும் இருந்தாலன்றிப் பிளவாது. அடுத்தடுத்த வரிகளாயின் 'இ' தட்டித் துண்டைக் கையாலேயே திருத்த வேண்டும். கூட்டல் குறியிட்ட வரி வேண்டாமெனில் அதை அழித்துவிடலாம். கழித்தல் குறியிட்ட வரியை அழிக்கலாகாது; குறியை மட்டும் வெற்றிடமாக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. நேயர் ஓட்டிப் பார்த்தது மூன்று மாற்றங்களும் சேர்ந்த நிரலை, முன்னறையிலிருப்பதோ ஒன்று. புது வசதிக்கென எழுதிய ஒரு வரியைக் கட்டணத் திருத்தம் நம்பியிருந்தால், பதிந்த நிரல் ஓடாது. ஆகவே 'ஸ்டாஷ்' கட்டளையைக் 'கீப் இண்டெக்ஸ்' குறிப்போடு இட்டு, மற்றவற்றை ஒதுக்கி, எஞ்சியதைச் சோதித்த பின்னரே பதிதல் தகும். ஒதுக்கியதைப் பின்னர் மீட்கலாம். இந்தச் சில நிமிட வேலையைச் சோம்பலால் விடுவோரே மிகுதி.

தொலைபேசி எண்களுக்கு 'என்' தட்டியதோடு நின்றுவிடலாகாது. மேசையிலிருந்தும் உடனே அழித்தல் வேண்டும். ஒருமுறை பதிந்து பிறருக்கு அனுப்பிவிட்டால், மறுநாள் அவ்வரியை நீக்கினாலும் பழைய பதிவில் அவை அப்படியே இருக்கும். பிரதி எடுத்தவர் ஒவ்வொருவரிடமும் இருக்கும்.