பேச மறுத்துச் சிறை சென்ற பேச்சாளர்

ஒலிபெருக்கி இல்லாத காலம். 1907 மே மாதத்து மாலைகளில், சென்னைக் கடற்கரை மணலில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து விபின் சந்திர பாலின் பேச்சைக் கேட்டார்கள். பேசியது ஆங்கிலத்தில். எத்தனை பேருக்கு முழுதும் புரிந்ததோ! ஆங்கிலேயர் தாமாக முன்வந்து சுயராஜ்யத்தைத் தந்தாலும் வேண்டாம், என் கையால் சம்பாதிக்காதது எனக்கு எதற்கு என்றார் பால். காங்கிரஸ் மேடையில் மனுக்களின் மொழியையே கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிது. பாரதி போன்ற இளைஞர்கள் கிறங்கிப்போனார்கள். லாலா லஜபதி ராய் நாடு கடத்தப்பட்ட செய்தி வரவே, கூட்டங்கள் பாதியில் நின்றன.

சென்னைக்கு வருமுன் ராஜமுந்திரியில் அவர் பேச்சைத் தெலுங்கில் சொன்னவர் கவிஞர் சிலகமர்த்தி லட்சுமிநரசிம்மம். அந்த ஊர் மாணவர்கள் 'வந்தே மாதரம்' பட்டயம் அணிந்து வகுப்புக்குப் போய்த் தண்டனை பெற்றார்கள்.

சில்ஹெட் மாவட்டத்தின் பொயில் கிராமத்தில் 1858இல் பிறந்தவர் பால். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து, விதவையை மணந்து, தந்தையின் கோபத்துக்கு ஆளானவர். பிடிவாதம் புதிதல்ல.

ஆனால் அவரைச் சிறைக்கு அனுப்பியது பேச்சு அல்ல. அதே 1907இல் 'வந்தே மாதரம்' ஏட்டின் மீது ராஜதுரோக வழக்கு. அரவிந்தர்தான் ஆசிரியர் என்று நிரூபிக்க அரசுக்குப் பாலின் சாட்சியம் தேவைப்பட்டது. கூண்டேறிய பால் சத்தியப் பிரமாணம் செய்யவே மறுத்துவிட்டார். தண்டனை ஆறு மாதம். அரவிந்தர் விடுதலையானார்.

1908 மார்ச்சில் பால் வெளியே வந்ததைத் தூத்துக்குடியில் கொண்டாட முனைந்தார்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். மார்ச் 12இல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நால்வர் மாண்டனர். அந்தக் கலவரத்தைத் தெரிந்த பலருக்கு அதன் பின்னணியில் ஒரு வங்காளியின் மௌனம் இருந்தது தெரியாது.

1921இல் பரிசால் மாநாட்டுத் தலைவராகப் பேசியபோது நிலைமை தலைகீழ். 1907இல் ஒத்துழையாமையைப் பேசியவரே இப்போது காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தைச் சந்தேகித்தார். ஒரு மனிதர் சொல்லை ஆராயாமல் ஏற்பதா என்பது அவர் கேள்வி. நீங்கள் மந்திரம் கேட்கிறீர்கள், நான் தர்க்கம் தருகிறேன் என்ற பொருளில் பேசினார். கூட்டம் கூச்சலிட்டது. அவர் கேள்வி அப்படியொன்றும் அற்பமானதல்ல. கேட்ட வேளைதான் தப்பு.

பழைய செல்வாக்கு திரும்பவில்லை. எழுதிக்கொண்டிருந்தார், வறுமையில் வாழ்ந்தார். 1932 மே 20இல் கல்கத்தாவில் காலமானார். பொயில் கிராமம் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது.