கிணற்றுக்குக் கொடுக்கும் கை

கிணறு தோண்ட உதவி கேட்டு யாராவது பள்ளிவாசலுக்கு வந்தால் நம் கைகள் தாராளமாக நீளுகின்றன. மதீனாவில் ரூமா கிணற்றை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரழி) அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உதவி கேட்டால்? "அது கெட்டவர்களுக்கு வரும் நோய்" என்று முகம் சுளிக்கிறோம்.

ஆபிரிக்காவில் உகண்டா நாட்டு முஸ்லிம் வைத்தியர்கள் அப்படி ஒதுங்கவில்லை. 1988 இல் இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தை அமைத்தார்கள். 1992 முதல் இமாம்களுக்கு எயிட்ஸ் பற்றிப் பயிற்சி அளித்தார்கள். இமாம்களும் ஆண், பெண் தொண்டர்களும் குடும்பங்களைத் தேடிச் சென்று பேசினார்கள். 1998 இல் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு இதனை ஒரு முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது.

தண்ணீருக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு என்பீர்கள். எச்.ஐ.வி. தண்ணீரால் பரவாது. ஆனால் அது உடலின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கிறது. மற்றவருக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம் தரும் அசுத்த நீர், சிகிச்சை பெறாத தொற்றாளரின் உயிரையே பறிக்கலாம். சுத்தமான நீர் அவரைக் காக்கும். ஆனால் தொற்று உண்டா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். அறிந்தால் மருந்து உண்டு. கர்ப்பிணித் தாய் உரிய காலத்தில் மருந்தெடுத்தால், பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 5 இலும் குறைந்துவிடும். கணவனிடமிருந்து தொற்றுப் பெற்ற மனைவியும், தாயிடமிருந்து பெற்ற குழந்தையும் செய்த குற்றம் என்ன?

தாகித்தவரிடம் "நீ நல்லவனா?" என்று கேட்டுவிட்டா தண்ணீர் கொடுக்கிறோம்? அடுத்த முறை கிணற்றுக்கு ஸதகா கொடுக்கும்போது, பரிசோதனைக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.