மேகச் சேமிப்பில் கொள்கலன்களும் கோப்புகளும்

மேகச் சேமிப்பு என்பது கோப்புகளை நம் கணினியில் வைக்காமல், இணையம் வழியாகத் தொலைவிலுள்ள தரவு மையத்தில் சேமிக்கும் முறை ஆகும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அசூர் சேவைக்கு 2015 முதல் சென்னையிலும் தரவு மையம் உள்ளது. இச்சேவையில் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம் கொள்கலன் எனவும், அதிலுள்ள கோப்பு பிளாப் எனவும் அழைக்கப்படுகின்றன.

பெயரிடல்

கொள்கலன் பெயர் 3 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு ஆகியவை மட்டுமே ஏற்கப்படும். கோப்பின் பெயரைத் தமிழிலும் வைக்கலாம்.

தேனி மாவட்டம் கோம்பை, அவ்வூரின் பெயரையே கொண்ட நாட்டு நாயினத்துக்குப் புகழ்பெற்றது. அந்நாய்களின் படங்களை ஒரு மாணவர் சேமிப்பதாகக் கொள்வோம். ‘கோம்பை/குட்டிகள்/படம்1’ எனப் பெயரிட்டால், திரையில் கோப்புறைகள் இருப்பதுபோலத் தோன்றும். இயல்பான அமைப்பில் அவை கோப்புப் பெயரின் பகுதிகளே. பெயரை மாற்ற, கோப்பைப் புதுப் பெயரில் படியெடுத்துப் பழையதை நீக்க வேண்டும்.

அனுமதியும் நீக்கமும்

பொது அணுகல் கொள்கலன் அளவில் அமைக்கப்படுகிறது. ஆகவே, எல்லோரும் பார்க்க வேண்டிய படங்களையும், நாய் வளர்ப்போரின் தொலைபேசி எண்கள் அடங்கிய பட்டியலையும் தனித்தனிக் கொள்கலன்களில் வைக்க வேண்டும்.

கொள்கலனை நீக்கினால் அதிலுள்ள அனைத்துக் கோப்புகளும் நீங்கிவிடும். கொள்கலனுக்கான மென்னீக்க வசதியை முன்பே இயக்கியிருந்தால், 1 முதல் 365 நாள்களுக்குள் நாம் குறித்த காலம் வரை அதை மீட்கலாம். எனவே, முதல் கோப்பை ஏற்றும் முன்பே இவ்வசதியைச் சரிபார்ப்பது நல்லது.