சின்ன லேப்டாப்புக்கு ஒரு கூடுதல் பெட்டி

கூட்டம் பெருகினால் ரெயிலில் கூடுதல் பெட்டி இணைப்பார்கள். அதற்காக என்ஜினை மாற்றுவதில்லை. இடம் போதாத சின்ன லேப்டாப்பிலும் இதைச் செய்யலாம். தபால்தலை அளவே உள்ள மெமரி கார்டுதான் அந்தக் கூடுதல் பெட்டி.

தைவான் நாட்டின் அசுஸ் நிறுவனம் 2007-ம் ஆண்டு 'ஈ பிசி' என்ற குட்டி லேப்டாப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. திரை 7 அங்குலம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. லினக்சில் இயங்கியது. விலையும் மலிவு. ஆனால் அதிகம் பேசப்பட்ட மாடலில் சேமிப்பு இடம் 4 ஜி.பி. மட்டுமே. அதில் பாதிக்கு மேல் லினக்சே எடுத்துக்கொண்டது!

இரண்டு துவாரங்கள்

இந்தக் குறையைப் போக்க, மற்றொரு தைவான் நிறுவனமான ஏசர் 2008-ல் ஒரு வழி செய்தது. அதன் 'ஆஸ்பயர் ஒன்' லேப்டாப்பில் இரண்டு கார்டு துவாரங்கள் இருந்தன. வலதுபுறம் இருந்தது காமிரா கார்டு போன்றவற்றைப் படிக்க. இடதுபுறம் இருந்தது இடத்தைப் பெருக்குவதற்கென்றே அமைந்தது. 8 ஜி.பி. கொண்ட லினக்ஸ் மாடலில், அங்கே இன்னொரு 8 ஜி.பி. கார்டைச் செருகினால், இரண்டும் சேர்ந்து ஒரே கிடங்காகத் தெரியும்.

வசதிதான். ஆனால் ஆபத்தும் அதிலேயே இருந்தது. எந்தப் படம் உள்ளே இருக்கிறது, எது கார்டில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. கார்டை உருவினால் அதிலிருந்த படங்களும் கூடவே மறைந்துவிடும்.

எது நல்லது?

இந்த லேப்டாப்புகள் இன்னும் சிலர் வீட்டில் இருக்கின்றன. அவற்றில் கார்டைத் தனிக் கிடங்காக வைத்துக்கொள்வதே நல்லது. லினக்சும் புரோகிராம்களும் உள்ளேயே இருக்கட்டும். பாட்டு, படம், பாடக் குறிப்புகளைக் கார்டுக்கு மாற்றிவிடலாம். எது எங்கே என்ற குழப்பம் வராது.

கார்டை எடுக்கும்முன் லினக்சிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். பயணிகள் இறங்குமுன் பெட்டியைக் கழற்றலாமா?

வாங்கும்போது கவனம்

'எஸ்.டி.எச்.சி.' என்று அச்சிட்ட கார்டையே கேளுங்கள். அந்த வகை 32 ஜி.பி. வரை கிடைக்கும். அதற்கும் பெரிய கார்டுகள் வேறு வகை. அந்தக் கால லேப்டாப்புகள் ஏற்கும் என்று நம்ப முடியாது.

32 ஜி.பி. கார்டு, கம்ப்யூட்டரில் 30-க்கும் குறைவாகக் காட்டலாம். அது மோசடி அல்ல. கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள்; கம்ப்யூட்டர் பலவும் 1024 என்ற கணக்கில் எண்ணுகின்றன. அவ்வளவுதான்.

உண்மையான மோசடியும் உண்டு. சிறிய கார்டில் பெரிய எண்ணை அச்சிட்டு விற்பார்கள். கம்ப்யூட்டரும் அந்தப் பெரிய எண்ணையே காட்டும். நிரம்பும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் போட்டு வைத்தவை பாழாகியிருக்கும். லினக்சில் 'எப்3' என்ற இலவசப் புரோகிராம், கார்டு முழுவதும் எழுதிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதுக் கார்டு வாங்கியவுடன், எதையும் அதில் போடுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

நல்ல கார்டும் எழுதி அழிக்க அழிக்கத் தேயும். ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகும். ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு, ஊரில் உள்ள பெரியவர்களின் படமும் குரலும் திரும்பக் கிடைக்காத சொத்து. கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும், அவற்றின் இன்னொரு பிரதியை வேறோர் இடத்தில் வைத்திருப்பது அவசியம்.