கால்பந்துச் சந்தையில் விலையும் மதிப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிதம்)

எங்கள் விடுதியில் இரவு உணவு முடிந்தபின் நடைபெறும் பட்டிமன்றங்களுக்கு முடிவே கிடையாது. ஒரு நாள் அரசியல், ஒரு நாள் திரைப்படம், ஒரு நாள் ஐரோப்பியக் கால்பந்து. சென்ற பருவத்தில் ஓரிரவு, "எந்தக் கழகம் பணத்தை ஒழுங்காகச் செலவிடுகிறது?" என்ற வாதம் எழுந்தது. ஒருவர் ஓர் ஆட்டக்காரரின் விலையைச் சொன்னார். மற்றவர் அதைவிடப் பெரிய விலையைச் சொன்னார். விலை பெரிதானால் ஆட்டமும் பெரிதாக இருக்கும் என்றது ஒரு கட்சி. பெரிய விலை கொடுத்தவன் ஏமாளி என்றது எதிர்க்கட்சி. ஆனால் இரு கட்சியினர் கையிலும் இருந்தது ஒரே எண்தான்: செய்திகளில் வரும் மாற்றுத் தொகை. அந்த ஓர் எண்ணைக் கொண்டு கணக்கை முடிக்க இயலுமா என்ற ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

என் தந்தையார் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். ஆனால் மாட்டுச் சந்தையில் அவருடைய கணக்கு தவறியதை நான் கண்டதில்லை. சிறுவயதில் அவரோடு சந்தைக்குச் செல்வேன். துண்டுக்கடியில் விரல் பிடித்துத் தரகர்கள் விலை பேசுவதை வேடிக்கை பார்ப்பேன். மலிவாக வந்த ஒரு காளையை அவர் வேண்டாமென்றபோது காரணம் கேட்டேன். "வாங்குற விலை ஒரு நாள் செலவுப்பா, தீனி தெனந்தெனம் செலவு. எத்தனை வருசம் உழும், கடைசியில விக்கும்போது கைக்கு என்ன வரும், அதையும் பாக்கணும்" என்றார். விடுதி வாதத்தின்போது இச்சொற்கள் என் நினைவுக்கு வந்தன. மனிதரை மாட்டோடு ஒப்பிடலாமா என்று நண்பர்கள் சினக்க வேண்டா. அந்தக் கேள்விக்கும் இக்கட்டுரையில் இடமுண்டு.

மாற்றுத் தொகை யாருக்கு?

ஒரு கழகத்துடன் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரை, அவ்வொப்பந்தம் முடியுமுன் மற்றொரு கழகம் அழைத்துக்கொள்ள விரும்பினால், முதற் கழகத்துக்கு ஈடாகத் தரும் பணமே மாற்றுத் தொகை. இத்தொகை கழகத்துக்கு உரியது. ஆட்டக்காரருக்கு உரியது அவருடைய ஊதியம்.

1905-இல் ஆல்ஃப் காமன் என்பவர் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோ கழகத்துக்கு 1,000 பவுண்டுக்கு மாறினார். அன்று அது பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1979-இல் டிரெவர் ஃபிரான்சிஸ், பர்மிங்காமிலிருந்து நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகத்துக்கு 10 இலட்சம் பவுண்டுக்குச் சென்றார். 74 ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! அவ்வாண்டு ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலை அவரே அடித்தார். 2017-இல் நெய்மாருக்காகப் பாரிஸ் சாங் ஜெர்மேன் கழகம் பார்சிலோனாவுக்குக் கொடுத்தது 22 கோடியே 20 இலட்சம் யூரோ.

இடையில் நிகழ்ந்த ஒரு வழக்கை அறியாமல் இன்றைய சந்தையை அறிய முடியாது. பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மனுக்கு லியேஜ் கழகத்துடன் இருந்த ஒப்பந்தம் 1990-இல் முடிந்தது. அவர் பிரான்சின் டன்கர்க் கழகத்துக்குச் செல்ல விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் பழைய கழகம் தொகை கேட்கும் வழக்கம் அன்று இருந்தது. தொகை படியவில்லை, போஸ்மனும் போக முடியவில்லை. ஐந்தாண்டு போராட்டத்துக்குப்பின், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே மாறும்போது பழைய கழகம் தொகை கேட்கக் கூடாது. மனிதரை மாட்டோடு ஒப்பிடலாமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் தந்த விடை இது. காளைக்கு ஒப்பந்தம் கிடையாது; ஆட்டக்காரருக்கு உண்டு; அது முடிந்ததும் அவர் தம் காலில் நடந்து போகலாம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 2017-இல் மொனாக்கோவிலிருந்து கடனாக வந்த எம்பாப்பேவை மறு ஆண்டு நிரந்தரமாக்கிக்கொள்ளப் பாரிஸ் கழகத்துக்கு ஆன தொகை 18 கோடி யூரோ. 2024-இல் அவர் ரியல் மாட்ரிட் சென்றபோது பாரிஸ் கழகத்துக்கு வந்த மாற்றுத் தொகை பூஜ்யம். ஒப்பந்தம் முடிந்திருந்தது, அவ்வளவே. திறன் பூஜ்யமாகிவிட்டதா? இல்லை. ஆகவே மாற்றுத் தொகையில் திறன் மட்டுமின்றி, ஒப்பந்தத்தில் எஞ்சிய காலம், விற்பவரின் தேவை, வாங்குபவரின் அவசரம் ஆகியனவும் கலந்துள்ளன.

நான்கு எண்கள்

தந்தையார் சொன்னதைக் கணித வடிவில் எழுதினால் நான்கு எண்கள் வருகின்றன: வாங்கிய விலை, நாள்தோறும் தரும் ஊதியம், பயன்படும் காலம், விற்கும்போது வரும் பணம். வாங்கிய விலையிலிருந்து விற்ற விலையைக் கழித்து, ஊதியத்தைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கான செலவு கிடைக்கும்.

நெய்மாரையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் அவர் சவுதி அரேபியாவின் அல்-ஹிலால் கழகத்துக்கு விற்கப்பட்டபோது வந்ததாகச் சொல்லப்பட்ட தொகை ஏறத்தாழ 9 கோடி யூரோ. கழித்தால் 13 கோடியே 20 இலட்சம். ஆறு பருவங்களில் அவர் ஆடியவை 173 ஆட்டங்கள். அடித்தவை 118 கோல்கள். வகுத்துப் பார்த்தால், ஊதியம் நீங்கலாகவே ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 7 இலட்சத்து 63 ஆயிரம் யூரோ! கோல் கணக்கு மிகச் சிறந்ததே. ஆனால் காயங்களால் லீக் ஆட்டங்களில் ஏறக்குறையப் பாதியில்தான் அவர் களமிறங்கினார். செய்தியில் 22 கோடி என்னும் தொகுதி வந்தது; 173 என்னும் பகுதியைப் பார்த்தவர் சிலரே.

அக்கழகம் பெரிதும் விரும்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை அவர் காலத்தில் கிட்டவில்லை. 2020 இறுதியாட்டத்தில் பயர்ன் மியூனிக்கிடம் 0-1 எனத் தோற்றது. நெய்மார், மெஸ்ஸி, எம்பாப்பே மூவரும் சென்றபின், 2025-இல் இன்டர் மிலானை 5-0 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அப்போதும் அது ஏழைக் கழகம் அன்று. இளைஞர்களைச் சேர்க்கப் பல கோடிகளைச் செலவிட்டிருந்தது. ஆனால் பணம் மூவரிடம் குவியாமல் அணி முழுவதும் பரவியிருந்தது.

ஏட்டுக் கணக்கும் கைப்பணமும்

என் அறை நண்பர் வணிகவியல் மாணவர். தேய்மானம் என்பதை எனக்கு விளக்கியவர் அவரே. ஐந்தாண்டு உழைக்கும் இயந்திரத்தின் விலையை ஐந்தாகப் பகுத்து ஆண்டுதோறும் செலவெழுதுவதைப்போல, கழகங்களும் மாற்றுத் தொகையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகுத்து எழுதுகின்றன.

2022 கோடையில் போர்ச்சுகலின் பென்ஃபிகா கழகம் என்சோ ஃபெர்னாண்டஸை வாங்கியபோது அடிப்படைத் தொகை ஏறத்தாழ 1 கோடி யூரோ. ஆண்டு இறுதியில் உலகக் கோப்பை வந்தது, அர்ஜென்டினா வென்றது, சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2023 ஜனவரி இறுதியில் செல்சி கழகம் அவருக்காக ஒப்புக்கொண்ட தொகை 10 கோடியே 68 இலட்சம் பவுண்டு. ஒப்பந்தம் எட்டரை ஆண்டு! வகுத்தால் ஏட்டில் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 1 கோடியே 26 இலட்சம் பவுண்டு. ஐந்தாண்டால் வகுத்திருந்தால் 2 கோடியே 14 இலட்சம் ஆகியிருக்கும். இவ்வாறு செலவைச் சிறிதாகக் காட்டுவதைத் தடுக்க, ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் 2023-இல் இப்பகுப்புக்கு ஐந்தாண்டு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் இங்கிலாந்துப் பிரிமியர் லீகும் அதனைப் பின்பற்றியது.

பகுதியை நீட்டினால் ஈவு சிறுக்கும். ஆனால் கையிலிருந்து போகும் பணம் சிறுக்காது. ஆட்டக்காரர் சோபிக்காவிட்டால், எட்டரை ஆண்டுக்கும் ஊதியம் தரவேண்டிய சுமையும் உடன் வரும்.

ஊதியமே உரைகல்

சைமன் கூப்பர் என்ற இதழாளரும் ஸ்டீபன் சைமான்ஸ்கி என்ற பொருளாதார அறிஞரும் 2009-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு உண்டு. 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கழகங்களின் செலவையும் லீகில் அவை பெற்ற இடத்தையும் அவர்கள் ஒப்பிட்டனர். கழகங்களுக்கிடையே இட வேறுபாட்டில் மாற்றுத் தொகைச் செலவு விளக்கியது 16 விழுக்காடு மட்டுமே. ஊதியச் செலவு விளக்கியதோ 92 விழுக்காடு! அஃதாவது, கழகங்கள் தரும் ஊதியத்தை வரிசைப்படுத்தினால் நீண்டகால வெற்றி வரிசையும் ஏறக்குறைய அதேதான்.

ஏன் இப்படி? மாற்றுத் தொகை ஒரு பொழுதில் நடக்கும் பேரம். உலகக் கோப்பையின் சில ஆட்டங்கள் அதனைப் பன்மடங்காக்கிவிடும். சில ஆட்டங்கள் என்பது மிகச் சிறிய மாதிரி என்பதைப் புள்ளியியல் படிப்போர் அறிவர். ஊதியமோ ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் திருத்தப்படுகிறது. நாள்தோறும் பயிற்சியில் பார்ப்பவர்களின் மதிப்பீடு அதில் ஏறுகிறது. 'வாங்குற விலை ஒரு நாள் செலவு, தீனி தெனந்தெனம் செலவு' என்பதற்கு இருபதாண்டுப் புள்ளிவிவரம் சான்று கூறுகிறது. இங்கும் எச்சரிக்கை வேண்டும். வென்ற கழகத்துக்கு வருவாய் பெருகுவதால் ஊதியமும் பெருகும். எது காரணம், எது காரியம் என்பது முற்றும் பிரிந்து தெரிவதில்லை.

அப்படியாயின் பணத்துக்கேற்ற பயன் என்பதை எவ்வாறு அளப்பது? ஊதிய வரிசையில் தனக்குள்ள இடத்தைவிட லீக் வரிசையில் மேலே நிற்கும் கழகமே சிக்கனக் கழகம்.

லெஸ்டர் தரும் பாடம்

2015-16 பருவத்தில் ஊதிய வரிசையின் கீழ்ப்பாதியில் இருந்த லெஸ்டர் சிட்டி, 81 புள்ளிகளுடன் பிரிமியர் லீகை வென்றது. இரண்டாமிடத்து ஆர்சனலுக்கு 71 புள்ளிகள். வார்டி வந்த விலை 10 இலட்சம் பவுண்டு. மஹ்ரேஸ் வந்தது 5 இலட்சத்துக்கும் குறைவு. காண்டே வந்தது ஏறத்தாழ 56 இலட்சம். பின்னர்க் காண்டே 3 கோடி அளவிலும் மஹ்ரேஸ் 6 கோடி அளவிலும் விற்கப்பட்டனர்.

இதைக் கண்டு, மலிவாக வாங்குவதே வழி என்று முடிவு கட்டலாகாது. அதே கழகம் 2016-இல் தன் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத விலை தந்து ஸ்லிமானியை வாங்கியது. சிறிது காலத்திலேயே அவரைப் பிற கழகங்களுக்குக் கடனாக அனுப்பியது. 2023-இல் ஊதிய வரிசையின் மேற்பாதியில் இருந்தும் லீகிலிருந்து இறங்கியது. மலிவாக வந்து சிறந்தவர் பெயரே நமக்குத் தெரியும். மலிவாக வந்து மறைந்தவர் பெயர் தெரியாது. வென்றவரை மட்டும் எண்ணினால் சராசரி பொய் சொல்லும்.

பிரைட்டன் கழகத்தின் கதை சற்று உறுதியானது. 2021-இல் 50 இலட்சம் பவுண்டுக்கும் குறைவான விலையில் ஈக்வடாரிலிருந்து அழைத்துவந்த கைசெடோவை 2023-இல் செல்சிக்கு 10 கோடி பவுண்டு தொடக்கத் தொகைக்கு விற்றது. 2022-23 பருவத்தில் பிரைட்டன் ஆறாமிடம். அப்பருவத்தில் 50 கோடி பவுண்டுக்குமேல் மாற்றுத் தொகையாகச் செலவிட்ட செல்சி பன்னிரண்டாமிடம். ஆயினும் அவ்விளைஞர்களில் பலர் முதிர்ந்தபின் 2025-இல் செல்சி கழக உலகக் கோப்பையை வென்றது. உழவுக்குப் பழகாத கன்றை முதல் ஏரிலேயே குறை சொல்லலாகாது.

கணக்குத் தவறினால்

இவையெல்லாம் செல்வர் விளையாட்டு, நமக்கென்ன என்று தோன்றலாம். பரி என்பது இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள சிற்றூர். அவ்வூர்க் கழகம் 1885-இல் தோன்றியது. 1900, 1903 ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2018-19 பருவத்தில் நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு உயர்ந்தது. களத்தில் வெற்றி; ஏட்டிலோ வருவாய்க்கு மீறிய செலவு. ஆட்டக்காரருக்கே ஊதியம் நின்றது. 2019 ஆகஸ்டு 27 அன்று, பணத்துக்கு வழி காட்ட இயலாத அக்கழகம் லீகிலிருந்து நீக்கப்பட்டது. இரு பெரும் போர்களைக் கண்ட கழகம், 134 ஆண்டுக்குப்பின் ஒரு மாலையில் இடமிழந்தது. தவறிய கணக்கு ஓரிருவருடையது. பூட்டிய மைதானத்தின் வாயிலில் நின்றவர்கள் ஊர் மக்கள். அம்மக்களின் முயற்சியால் 2023-இல் அங்கே மீண்டும் பந்து உருண்டது, பல படிகள் கீழே.

முடிவுரை

நண்பர்களே, ஒரு பெரிய எண்ணைக் கேட்டவுடன் வியப்பதோ பழிப்பதோ எளிது. அதன்கீழ் என்ன பகுதி நிற்கிறது, அதனுடன் நாள்தோறும் எது கூட்டப்படுகிறது என்று கேட்பதே படித்தவர் செய்யத்தக்கது.

இதை எழுதி முடித்தபோது என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். இக்கல்லூரியில் சேர்ந்தபோது நான் கட்டிய கட்டணம் சிறியது. எங்கள் வீட்டில் அதைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. ஆனால் மாதந்தோறும் விடுதிக் கட்டணம் போகிறது. நடவுக்கும் அறுப்புக்கும் நான் இல்லாததால் தந்தையார் கூலிக்கு ஆள் வைக்கிறார். அதுதான் தெனந்தெனச் செலவு. அதை அவர் ஒருநாளும் என்னிடம் கணக்குக் காட்டியதில்லை. தொகுதி அவர் எழுதியாயிற்று. பகுதியை இனி நான்தான் எழுத வேண்டும்.