நால்ட்ரெக்சோன் மாத்திரை: பக்கவிளைவுகளும் பாதுகாப்பான பயன்பாடும்

ஈசூன் வட்டார மூத்த குடியிருப்பாளர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும்

இந்தக் கையேடு யாருக்கு?

ஹெராயின் போன்ற போதைப்பொருளிலிருந்தோ, அபின் வகை வலி மருந்துப் பழக்கத்திலிருந்தோ மீண்டு வருபவர்களுக்கு மருத்துவர் நால்ட்ரெக்சோன் மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். மதுப்பழக்கத்தை விட முயல்பவர்களுக்கும் இதே மாத்திரை கொடுக்கப்படுவதுண்டு. இந்த மாத்திரையை நீங்கள் சாப்பிட்டாலும் சரி, உங்கள் வீட்டில் வேறொருவர் சாப்பிட்டாலும் சரி, இதைப் படித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரை என்ன செய்கிறது?

ஹெராயின், மார்ஃபின், கோடீன், டிராமடால், ஃபென்டனில் ஆகியவை அபின் வகையைச் சேர்ந்தவை. இவை மூளையில் குறிப்பிட்ட சில இடங்களில் போய் ஒட்டிக்கொண்டுதான் வலியைக் குறைக்கின்றன, போதையையும் தருகின்றன. நால்ட்ரெக்சோன் அந்த இடங்களை முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு அபின் வகைப் பொருளை உட்கொண்டாலும் வழக்கமான போதை ஏறாது. வழக்கமாக ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொடுக்கப்படும். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இந்த மாத்திரைக்கு நீங்கள் அடிமையாக மாட்டீர்கள். ஆனால், வலி மருந்தும் இருமல் மருந்தும் சேர்த்துச் சாப்பிடும் வயதில் இதைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

மாத்திரையைத் தொடங்கும் முன்

கடைசியாக அபின் வகை மருந்தையோ போதைப்பொருளையோ எடுத்து பொதுவாக 7 முதல் 10 நாள் கழிந்த பிறகே நால்ட்ரெக்சோனைத் தொடங்க வேண்டும். சிலருக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படும். உடலில் அபின் வகைப் பொருள் மிச்சமிருக்கும்போது இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை, உடல்வலி, படபடப்பு எல்லாம் கடுமையாகத் தொடங்கி, 2 நாள் வரை நீடிக்கக்கூடும். வயதானவர்களுக்கு உடலில் நீர் வற்றி மனக்குழப்பமும் ஏற்படலாம்.

எனவே, இவை எல்லாவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்:

• மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ சாப்பிடும் மாத்திரைகள், ஒட்டும் வலிப் பட்டைகள்
• கோடீன் கலந்த இருமல் மருந்து
• வயிற்றுப்போக்கு மருந்து (இவற்றில் சில அபின் வகையைச் சேர்ந்தவை)
• ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகள், நாட்டு மருந்துகள்
• மஞ்சள் காமாலை, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதுவும்

கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். அதைத் தவறவிடாதீர்கள்.

பொதுவான பக்கவிளைவுகள்

குமட்டல், தலைவலி, தலைசுற்றல், களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை, பதற்றம், மூட்டு மற்றும் தசைவலி ஆகியவை வரலாம். பலருக்கு இவை முதல் சில நாள்களில் வந்து மெல்லக் குறைந்துவிடும்.

• குமட்டினால் வெறும் வயிற்றில் சாப்பிடாமல் உணவுக்குப் பிறகு மாத்திரையைச் சாப்பிடுங்கள்.
• தலைசுற்றினால் படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். சற்று உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழுந்திருங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும்.
• நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பசியில்லை என்று சாப்பாட்டைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். கஞ்சியாவது குடியுங்கள். இரண்டு வேளைக்கு மேல் சாப்பிட முடியாவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

• கண் அல்லது தோல் மஞ்சளாவது, சிறுநீர் கருத்துப் போவது, மலம் வெளுத்துப் போவது, வலப்பக்க மேல்வயிற்றில் வலி. இவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம்.
• உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல்
• எதிலும் நாட்டமின்மை, ஆழ்ந்த மனச்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்

எல்லா மருத்துவருக்கும் தெரியட்டும்

ரத்த அழுத்தத்துக்கு ஈசூன் பலதுறை மருந்தகம், முழங்கால் வலிக்கு கூ டெக் புவாட் மருத்துவமனை, இருமலுக்குப் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக், பல்வலிக்கு வேறோர் இடம் என்று போவது நம்மில் பலருக்கு வழக்கம். நீங்கள் நால்ட்ரெக்சோன் சாப்பிடுவது ஓர் இடத்தில் தெரிந்திருந்தால் எல்லா இடத்திலும் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

உதாரணமாக, மதுவை விடுவதற்காக ஒருவர் நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதுகுவலிக்கு வேறொரு மருத்துவரிடம் போய் டிராமடால் வாங்கினால், அது அவருக்கு வலியைச் சரியாகக் குறைக்காது. "மருந்து வேலை செய்யவில்லையே" என்று இரண்டு மூன்று மடங்காகச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மாறாக, நீண்ட நாளாக டிராமடால் சாப்பிட்டு வருபவர் அதைச் சொல்லாமல் நால்ட்ரெக்சோனைத் தொடங்கினால், மேலே சொன்ன கடுமையான உபாதைகள் வந்துவிடும்.

சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் எதைச் சாப்பிடலாம் என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு மாற்று சிகிச்சை போன்ற அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அந்த மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். சில நாள்களுக்கு முன்பே மாத்திரையை நிறுத்தும்படி அவர்கள் சொல்லலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

'நான் நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறேன்' என்று ஒரு சிறு அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். விழுந்து அடிபட்டு நீங்கள் பேச முடியாத நிலையில் இருந்தாலும் அவசர மருத்துவ உதவியாளருக்கு அது தெரியவரும்.

மாத்திரை சாப்பிட மறந்துவிட்டால்

அதே நாளில் நினைவு வந்தால் சாப்பிடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் அந்த நாளுக்குரிய ஒன்றை மட்டும் சாப்பிடுங்கள்; இரண்டாகச் சாப்பிட வேண்டாம். சில நாள் விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் பேசிய பிறகே மீண்டும் தொடங்குங்கள்.

மாத்திரையை நிறுத்திய பிறகு இருக்கும் ஆபத்து

பழக்கத்தை விட்டு சில வாரங்கள் ஆன பிறகு, முன்பு தாங்கிய அளவை உடல் தாங்காது. நால்ட்ரெக்சோனை நிறுத்திவிட்டு, 'ஒரே ஒரு முறை' என்று பழைய அளவில் ஹெராயினையோ வலி மருந்தையோ எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

எழுப்பினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, குறட்டை போன்ற கரகரப்பு, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு ஆகியவற்றைக் கண்டால் உடனே 995 எண்ணை அழையுங்கள். மூச்சு இருந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியாக விட்டுச் செல்லாதீர்கள்.

சுபுடெக்ஸ்: சிங்கப்பூர் கண்ட அனுபவம்

சுபுடெக்ஸ் என்ற பெயர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதிலுள்ள மருந்து பியூப்ரெனார்ஃபின். ஹெராயின் பழக்கத்தை விடுவிக்க 2002ல் இங்கு மருத்துவர்கள் அதைக் கொடுக்கத் தொடங்கினர். நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டிய மாத்திரை அது. சிலர் அதைப் பொடித்து, தூக்க மாத்திரையோடு கலந்து ஊசியில் ஏற்றிக்கொண்டனர். அதனால் கிருமித்தொற்றும் உயிரிழப்பும் ஏற்பட்டன. 2006 ஆகஸ்ட் 14 முதல் அது போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஏ பிரிவுப் போதைப்பொருளாகச் சேர்க்கப்பட்டது. அனுமதியின்றி அதை வைத்திருப்பதும் உட்கொள்வதும் விற்பதும் குற்றம்.

மலேசியாவிலும் இந்தியாவிலும் பியூப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகியவை மருத்துவக் கண்காணிப்பில் சிகிச்சைக்குக் கொடுக்கப்படுகின்றன. அங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்தது என்பதற்காக இங்கே கொண்டுவந்துவிட முடியாது. மார்ஃபின், கோடீன் போன்றவை அடங்கிய மருந்துகளுக்கும் முன் அனுமதி தேவைப்படலாம். பயணம் கிளம்பும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• பழைய வலி மாத்திரைகளையும் இருமல் மருந்தையும் 'பிறகு உதவும்' என்று சேர்த்து வைக்காதீர்கள். மிச்சத்தை எப்படி அப்புறப்படுத்துவது என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.
• உங்கள் வலி மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள். மற்றவருடையதை வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
• பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத, பூட்டிய இடத்தில் மருந்துகளை வையுங்கள்.
• வீட்டில் ஒருவர் மீண்டு வருகிறார் என்றால், தினமும் ஒரே நேரத்தில் மாத்திரையைச் சாப்பிட அவருக்கு நினைவூட்டுங்கள். திட்டுவதைவிட அது அதிகம் உதவும்.

உதவிக்கு

மனநலக் கழகத்தில் உள்ள தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவையின் உதவித் தொலைபேசி எண்: 6732 6837. உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கூடப் பேசலாம். ஆங்கிலம் சிரமம் என்றால் பிள்ளைகளையோ தமிழ் தெரிந்த ஒருவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை. மருந்துகளைப் பார்த்தே அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.