அமைதிக்கு அரை நாழிகை

“நேரமில்லை” என்பது இன்று இல்லந்தோறும் கேட்குஞ் சொல். பெரியோருக்கு அலுவலகம், மாணவருக்குப் பள்ளி விட்டபின்னும் தனியார் வகுப்பு, எஞ்சிய பொழுதைக் கைத்தொலைபேசி கவர்ந்துகொள்ளுகிறது. விடுமுறை வந்தால் மனம் ஆறும் என்று நம்மைத் தேற்றிக்கொள்ளுகின்றோம்.

விடுமுறைக்கு நம் நாட்டிலே குறைவில்லை. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா தினமே வார விடுமுறையாயிருந்தது. பின்னர் ஞாயிறு மீண்டது. பூரணை விடுமுறையும் நிலைத்தது. ஆயினும், விடுமுறை வேறு, அமைதி வேறு. எல்லாரும் வீட்டிலிருக்கும் நாளில் அடுப்படிக்கு மாத்திரம் ஓய்வில்லை. அன்று தாய்க்கு வேலை இரட்டிக்கின்றது.

ஆதலின், அமைதி தானே வருவதன்று. வீட்டார் ஒருவருக்கொருவர் அளிக்க வேண்டுவது.

மாலையில் விளக்கேற்றியதும் அரை நாழிகை, அதாவது 12 நிமிடம், யாவரும் ஓரிடத்தில் வாளா அமர்ந்திருக்கலாம். தொலைக்காட்சி ஓய்ந்திருக்கட்டும், தொலைபேசி அடுத்த அறையிற் கிடக்கட்டும். பெரிய தியானம் எதுவும் வேண்டுவதில்லை. மூச்சு வந்து போவதைக் கவனித்தாற் போதும். மனம் அலையும், அலைந்தால் மெல்லத் திருப்புக. கல்லால மரத்தின்கீழ்த் தட்சிணாமூர்த்தி மௌனத்தினாலேயே உணர்த்தினார் என்பது நம் மரபன்றோ?

அவ்வேளையில் அம்மாவும் அருகில் அமரவேண்டுமாயின், காய் அரிதலையும் பாத்திரங் கழுவுதலையும் தந்தையும் பிள்ளைகளும் முன்னரே பகிர்ந்து முடித்தல் வேண்டும். மாணவர்களே, இன்று மாலையே தொடங்குங்கள். அன்னையின் நாளில் அரை நாழிகையை மீட்டுக் கொடுத்தால், உங்களுக்கும் அது கிட்டும்.